சம்பள பாக்கியோடு ஊர் திரும்பிய வீரர்: ஒரு கால்பந்து ஒப்பந்தத் தகராறின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் வீரர் கடலூர் தேவனாம்பட்டினத்தைச் சேர்ந்தவர். இடது பின்கள ஆட்டக்காரர். தகராறு நடந்த 2024–25 பருவத்தில் அவருக்கு வயது 23. எதிர்த்தரப்பு வேறு மாநிலத்திலுள்ள ஒரு தொழில்முறைக் கால்பந்துக் கழகம். இரு தரப்பும் சமரசமாக முடித்துக்கொண்ட விவகாரம் என்பதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். அடையாளம் வெளிப்படாதபடி சில சிறு விவரங்களையும் மாற்றியிருக்கிறேன். புதுச்சேரியில் வழக்கறிஞராக இருக்கும் நான் வீரர் தரப்பில் இருந்தவன். ஆயினும் கழகத்தின் வாதத்தில் இருந்த வலுவை மறைக்காமல் எழுதியிருக்கிறேன், ஏனெனில் அந்த வலு எங்கிருந்து வந்தது என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. மூன்று மாதச் சம்பளம் வர வேண்டியிருந்த ஒருவர், ஒரே மாதத்துக்குள் 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டியவராக எப்படி மாற்றப்பட்டார் என்பதே கேள்வி.

ஒப்பந்தமும் முதல் ஐந்து மாதங்களும்

பெரியார் கலைக் கல்லூரி மைதானத்திலும் கடற்கரை மணலிலும் ஆடி வளர்ந்து, பிறகு புதுச்சேரி உப்பளத்தில் லீக் ஆட்டங்கள் ஆடியவர் அவர். கடலூர் கால்பந்துக்குப் புதிய ஊர் அல்ல. இந்திய மகளிர் அணியின் நடுகள வீராங்கனை இந்துமதி கதிரேசன் இங்கிருந்து போனவர்தான். ஆட்டத்தைக் கற்றுத்தர இங்கே பயிற்சியாளர்கள் இருக்கிறார்கள். ஒப்பந்தத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லை. உப்பளத்தில் அவருடைய ஆட்டத்தைப் பார்த்த ஒரு முகவர், கழகத்தோடு பேசி, ஆங்கிலத்தில் 14 பக்கம் கொண்ட ஒப்பந்தம் ஒன்றைக் கைப்பேசியில் அனுப்பி, கடைசிப் பக்கத்தில் மட்டும் கையெழுத்து வாங்கி, படமெடுத்துத் திருப்பி அனுப்பச் செய்தார். 2023 அக்டோபர் முதல் முகவர் தொழிலுக்கு ஃபிஃபாவின் உரிமம் கட்டாயம். இந்த முகவரிடம் அது இல்லை என்பது பின்னர் தெரிந்தது.

ஒப்பந்தம் 2024 ஜூலை முதல் இரண்டு ஆண்டுகளுக்கு. மாதச் சம்பளம் 45,000 ரூபாய், தங்குமிடமும் உணவும் தனி. அதில் மூன்று பிரிவுகள் முக்கியமானவை. வீரர் அனுமதியின்றி விலகினால் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது ஒன்று. கழகம் விலகினால் என்ன தர வேண்டும் என்று எங்குமே இல்லை. எழுத்துமூல அனுமதியில்லாமல் வேறெந்த அணிக்கும், உள்ளூர்ப் போட்டியாக இருந்தாலும், ஆடக் கூடாது என்றது இன்னொன்று. மூன்றாவது பிரிவு வீரருக்குச் சாதகமானது: இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், எழுத்தில் அறிவித்து 15 நாள் அவகாசம் தந்தபின் வீரர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ளலாம். இது கழகத்தின் பெருந்தன்மையால் வந்த வாசகம் அல்ல. வீரர்களின் தகுதிநிலை, இடமாற்றம் குறித்த ஃபிஃபா விதிமுறையில் 2018இல் சேர்க்கப்பட்ட பிரிவு அப்படியே எடுத்து ஒட்டப்பட்டிருந்தது. அந்த ஒரு பிரிவைப் படித்திருந்தால் இந்த ஆய்வுக்கே தேவை இருந்திருக்காது.

ஜூலை, ஆகஸ்ட் சம்பளம் தாமதமாக வந்தது. செப்டம்பரிலிருந்து வரவில்லை. அக்டோபரில் பயிற்சி ஆட்டத்தில் கணுக்கால் தசைநார் பிசகி, கழகத்தின் பிசியோதெரபிஸ்ட் 8 வாரம் ஓய்வு எழுதிக்கொடுத்தார். ஆட வாய்ப்பில்லை, சம்பளமும் இல்லை, வீட்டுக்கு அனுப்பப் பணமில்லை. நவம்பர் கடைசி வாரத்தில் அணி மேலாளருக்கு வாட்ஸ்அப்பில் "சார், ஊருக்குப் போறேன், சம்பளம் போட்டதும் சொல்லுங்க" என்று ஒரு வரி அனுப்பினார். மேலாளர் பதிலுக்கு ஒரு கட்டைவிரல் குறியை அனுப்பினார். அன்றிரவே வீரர் ரயிலேறிவிட்டார்.

"சம்பளமே குடுக்கல சார், அப்புறம் எதுக்கு அங்க இருக்கணும்?" என்று அவர் என்னிடம் கேட்டது அறியாமையால் அல்ல. அவருடைய அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். படகில் மீன் விற்ற பணம் கரையிலேயே பங்காகப் பிரிக்கப்படும். பங்கு தராத படகுக்கு அடுத்த நாள் யாரும் ஏற மாட்டார்கள், அதை யாரும் ஓடிப்போனதாகச் சொல்வதுமில்லை. அந்த நியாயத்தில் வளர்ந்தவர் எடுத்த முடிவு அது. கால்பந்து ஒப்பந்தத்தின் சட்டம் வேறு நியாயத்தில் எழுதப்பட்டது: காலம் முடியும்வரை ஒப்பந்தம் நிற்கும், முறிக்க விரும்புகிறவர் முதலில் எழுத வேண்டும்.

நோட்டீஸ் போன இடம்

டிசம்பர் இரண்டாம் வாரத்தில் கழகம் மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்பியது. அனுமதியின்றி முகாமை விட்டுச் சென்றதாகவும், 7 நாளுக்குள் திரும்பாவிட்டால் இழப்பீடு கோரப்படும் என்றும் அதில் இருந்தது. அதை வீரர் பார்க்கவே இல்லை. ஒப்பந்தத்தில் அவருடைய முகவரியாகக் குறிக்கப்பட்டிருந்த மின்னஞ்சல் கணக்கைத் தொடங்கியவர் முகவர். கடவுச்சொல்லும் அவரிடமே இருந்தது. சட்டப்படி அறிவிப்பு சேர்ந்துவிட்டது, ஏனென்றால் ஒப்பந்தத்தில் ஒப்புக்கொண்ட முகவரிக்கு அது போயிருந்தது.

அதே மாதக் கடைசியில், கணுக்கால் தேறிய நிலையில், நெல்லிக்குப்பம் பக்கம் நடந்த ஓர் உள்ளூர்ப் போட்டியில் நண்பர்களின் அணிக்கு மாற்று ஆட்டக்காரராக இருபது நிமிடம் இறங்கினார். யாரோ எடுத்த படம் முகநூலில் ஏறியது. ஜனவரி தொடக்கத்தில் கேரளத்தைச் சேர்ந்த வேறொரு கழகம் அவரை எடுத்துக்கொள்ள விரும்பி, தடையில்லாச் சான்று கேட்டது. பழைய கழகம் மறுத்தது. சான்று இல்லாமல் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் பதிவு முறையில் பெயர் மாறாது; வீரர்கள் கழகம் மாறிப் பதிவு செய்துகொள்வதற்கான மாற்றக் காலம் ஜனவரி 31இல் மூடிவிடும். இந்த நிலையில்தான் அப்பாவும் மகனும் என்னைத் தேடி, புதுச்சேரியில் கடலூர் சாலையிலுள்ள நீதிமன்ற வளாகத்துக்கு வந்தார்கள்.

எங்கே முறையிடுவது

அவரோடு ஒரே அறையில் தங்கியிருந்த ஆப்பிரிக்க நாட்டு முன்கள வீரருக்கும் அதேபோல் செப்டம்பரிலிருந்து சம்பள பாக்கி இருந்தது. அவர் அக்டோபர் இறுதியிலேயே தம் வழக்கறிஞர் மூலம் 15 நாள் கெடு வைத்து எழுதினார். கெடு முடிந்ததும் ஒப்பந்தத்தை முறித்து, விமானமேறி, ஃபிஃபாவின் கால்பந்துத் தீர்ப்பாயத்தில் மனு போட்டார். வெளிநாட்டு வீரருக்கும் கழகத்துக்கும் இடையிலான தகராறு பன்னாட்டுத் தன்மை உடையதாகக் கருதப்படுவதால் ஃபிஃபா அதை விசாரிக்கும். அங்கே வழங்கப்படும் தொகையை 45 நாளுக்குள் கட்டாத கழகம், தொடர்ந்து மூன்று பதிவுக் காலங்கள் வரை புதிய வீரர்களைப் பதிவு செய்ய முடியாமல் தடைபடலாம். கழகங்கள் அஞ்சுவது இந்தத் தடைக்குத்தான். இந்தியக் கழகத்தோடு ஒப்பந்தம் செய்த இந்திய வீரருக்கு அந்த வாசல் திறக்காது. அவர் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் வீரர் தகுதிநிலைக் குழுவுக்குப் போக வேண்டும், அல்லது உரிமையியல் நீதிமன்றத்துக்கு. ஒரே அறை, ஒரே பாக்கி. ஆனால் கழகம் யாரோடு முதலில் பேசி முடித்தது என்பதை ஊகிப்பது கடினமல்ல. இந்த ஏற்றத்தாழ்வு எனக்கு இன்றும் ஏற்புடையதாக இல்லை.

நீதிமன்றத்தை நாங்கள் விலக்கியதற்குக் காலம் ஒரு காரணம், சட்டத்தின் நிலை இன்னொன்று. 1963ஆம் ஆண்டின் குறிப்பிட்ட நிவாரணச் சட்டத்தின் 14ஆம் பிரிவின்படி தனிமனிதரின் உழைப்பு சார்ந்த ஒப்பந்தத்தை நீதிமன்றம் கட்டாயப்படுத்தி நிறைவேற்றாது. ஆகவே போய் ஆடு என்று யாரும் அவருக்கு ஆணையிட முடியாது. ஆனால் வேறிடத்தில் ஆடக் கூடாது என்ற நிபந்தனை வேறு விஷயம். தொழில் செய்வதைத் தடுக்கும் உடன்பாடு செல்லாது என்ற இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவைத்தான் பலரும் முதலில் நீட்டுவார்கள். கிரிக்கெட் வீரர் ஜாகீர் கான் தொடர்பான வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவைக் கொண்டு, ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் நீளும் கட்டுப்பாட்டைச் செல்லாததாக்கியது. ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது விதிக்கப்படும் கட்டுப்பாட்டையோ அதே நீதிமன்றம் 1967இலேயே நிரஞ்சன் சங்கர் கோலிகாரி வழக்கில் ஏற்றிருக்கிறது. எங்கள் வீரரின் ஒப்பந்தத்தில் இன்னும் பதினெட்டு மாதம் மீதமிருந்தது. 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் பெல்ஜிய வீரர் போஸ்மேனுக்கு வழங்கிய புகழ்பெற்ற தீர்ப்பும் காலம் முடிந்த ஒப்பந்தத்தைப் பற்றியதுதான். எனவே 27ஆம் பிரிவை நான் மனுவில் ஒரு பத்திக்கு மேல் எழுதவில்லை.

எங்கள் முதல் கடிதம்

கழகத்தின் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்வதை ஒத்திவைத்து, முதலில் வேறொரு கடிதம் அனுப்பினோம். வீரர் குணமடைந்து ஆடத் தயாராக இருக்கிறார். செப்டம்பர், அக்டோபர், நவம்பர் மாதச் சம்பளம் 1,35,000 ரூபாயை 15 நாளுக்குள் செலுத்துங்கள். பயிற்சிக்குத் திரும்ப வேண்டிய தேதியைத் தெரிவியுங்கள் என்பதே அதன் சாரம். பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடும், வீரர் புதிதாகத் தாமே தொடங்கிய மின்னஞ்சலிலும் அது போனது. அப்பாவுக்கு இதில் உடன்பாடில்லை. பணம் தராதவனிடம் மறுபடியும் வேலைக்கு வருகிறேன் என்று ஏன் எழுத வேண்டும் என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் முகாமைக் கைவிட்டுப் போனவர் என்ற பழியைத் துடைக்க, கைவிடவில்லை என்று காட்டும் செயல் ஒன்று தேவைப்பட்டது. கழகம் அவரைத் திரும்ப அழைத்தால் சம்பளத்தைத் தந்தாக வேண்டும். அழைக்காமலும் தராமலும் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியது தானே என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நவம்பரில் அனுப்பியிருக்க வேண்டிய நோட்டீஸை ஜனவரியில் அனுப்பினோம் என்பதுதான் உண்மை. இடையில் கடந்த ஆறு வாரமும் எங்களுக்கு எதிராகவே நின்றது.

கெடு முடியும் முன்பே பதில் வந்தது. திரும்ப அழைக்கும் பேச்சே அதில் இல்லை. 10 லட்சம் கோரிக்கையும், முகநூல் படமும், அவற்றோடு அன்வர் அலி விவகாரமும் இருந்தன. 2024 செப்டம்பரில், மோகன் பகான் அணியோடிருந்த ஒப்பந்தத்தை முறித்து ஈஸ்ட் பெங்காலுக்குச் சென்ற அந்தப் பாதுகாப்பு ஆட்டக்காரருக்கு வீரர் தகுதிநிலைக் குழு 4 மாதத் தடை விதித்து, அவரும் ஈஸ்ட் பெங்காலும் அவருடைய மூலக் கழகமான டெல்லி எஃப்.சி.யும் சேர்ந்து 12.90 கோடி ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்றது. 45,000 ரூபாய் சம்பளக்காரரை மிரட்டுவதற்கு அந்தக் கோடிக் கணக்கு போதும் என்று எதிர்த்தரப்பு நினைத்திருக்க வேண்டும். அந்த ஆணை டெல்லி உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கப்பட்டதும் சம்மேளனம் அதைத் திரும்பப் பெற்று, மீண்டும் விசாரிக்க ஒப்புக்கொண்டதை அவர்கள் குறிப்பிடவில்லை. தவிர, அந்த விவகாரத்தில் வீரர் ஒரு பெரிய அணியிலிருந்து இன்னொரு பெரிய அணிக்குப் போனார். சம்பளம் வராமல் ஊர் திரும்பியவரின் கதை அது அல்ல.

கட்டைவிரலும் முகநூல் படமும்

சான்றுகளில் எனக்கு அதிக வேலை வைத்தவை இந்த இரண்டும்தான். மேலாளர் அனுப்பிய கட்டைவிரல் குறி விடுப்புக்கு அனுமதியா, அல்லது செய்தியைப் பார்த்தேன் என்பது மட்டுமா? கனடாவின் சஸ்காட்சுவான் மாகாண நீதிமன்றம் 2023இல் ஆளி விதை விற்பனை ஒப்பந்தம் ஒன்றில் அதே குறியைச் சம்மதமாக ஏற்று, விவசாயி இழப்பீடு தர வேண்டும் எனத் தீர்ப்பளித்திருக்கிறது. அந்தத் தீர்ப்பு இங்கே யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் அதன் வழி பயனுள்ளது: அந்த இருவருக்கும் இடையில் முன்பு அப்படிப்பட்ட குறிகள் என்ன பொருளில் பயன்பட்டன என்று அது பார்த்தது. வீரரின் கைப்பேசியில் பழைய உரையாடல்களைத் தேடியபோது, மருத்துவரிடம் போகிறேன், வங்கிக்குப் போகிறேன் என்ற செய்திகளுக்கெல்லாம் மேலாளர் இதே குறியைத்தான் அனுப்பியிருந்தார், அவற்றை யாரும் பின்னர் கேள்வி கேட்டதில்லை. அந்த உரையாடல் முழுவதையும், 2024 ஜூலையில் நடப்புக்கு வந்த பாரதிய சாட்சிய அதிநியமத்தின் 63ஆம் பிரிவு கேட்கும் சான்றிதழோடு இணைத்தோம்.

முகநூல் படத்தில் இரண்டு குற்றச்சாட்டுகள் அடங்கியிருந்தன. காயம் பொய் என்றது முதலாவது. 8 வாரம் ஓய்வு எழுதியவர் கழகத்தின் பிசியோதெரபிஸ்டே, ஆட்டமோ அந்த 8 வாரமும் கழிந்த பின் நடந்தது என்று தேதிகளைக் காட்டி அதை எளிதாக உடைத்தோம். அனுமதியில்லாமல் வேறு அணிக்கு ஆடினார் என்ற இரண்டாவதை உடைக்க முடியவில்லை. அது உண்மை. நண்பர்களுக்காக இறங்கிய இருபது நிமிடம் என்றாலும், பதிவுபெற்ற தொழில்முறை வீரர் தம் கழகத்துக்கன்றி வேறெதற்கும் ஆடக் கூடாது. கடலூரிலும் புதுச்சேரியிலும் ஊர்ப் போட்டிக்கு அழைத்தால் வர மறுப்பவரைத் தலைக்கனம் பிடித்தவர் என்பார்கள். அந்தப் பேச்சுக்கு அஞ்சி இறங்குகிறவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

10 லட்சம் என்ற தொகை

ஒப்பந்தத்தில் எழுதிய இழப்பீட்டுத் தொகை அப்படியே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவு அதை உச்சவரம்பாக மட்டுமே பார்க்கிறது. நியாயமான ஈடு எவ்வளவு என்பது தனிக் கேள்வி. 1963இல் ஃபதே சந்த் வழக்கிலும் 2015இல் கைலாஷ் நாத் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கி, இழப்பே நேராத இடத்தில் ஈடு இல்லை என்றது. கழகம் அவருக்குப் பதிலாக யாரையும் எடுக்கவில்லை. அவரைப் பெறுவதற்கு யாருக்கும் மாற்றத் தொகை கொடுத்திருக்கவும் இல்லை.

பன்னாட்டுத் தீர்ப்புகளில் இழப்பீட்டுக் கணக்கு எவ்வளவு தூரம் விலகக்கூடும் என்பதற்கு இரண்டு பெயர்கள் போதும். ஸ்காட்லாந்தின் ஹார்ட்ஸ் அணியிலிருந்து 2006இல் விலகிய ஆண்டி வெப்ஸ்டர், ஃபிஃபா விதிகள் வகுத்த பாதுகாப்புக் காலம் (முறித்தால் ஆடத் தடையும் விழக்கூடிய தொடக்கக் காலம்) முடிந்த பின் முறைப்படி முறித்ததால், லோசானிலுள்ள விளையாட்டு நடுவர் நீதிமன்றம் 2008இல் மீதிச் சம்பளத்தின் அடிப்படையில் 1,50,000 பவுண்டு மட்டுமே விதித்தது. அடுத்த ஆண்டே, உக்ரைனின் ஷக்தார் அணியை விட்டுப்போன பிரேசில் வீரர் மத்துசலேமுக்கு ஒப்பந்த முறிவுக்கான இழப்பீட்டைச் சொல்லும் ஃபிஃபா விதிமுறையின் அதே 17ஆம் பிரிவின் கீழ் அதே மன்றம் சுமார் 1.19 கோடி யூரோ விதித்தது. அந்தத் தொகையைக் கட்டாததால் அவர்மீது விழவிருந்த காலவரையற்ற தடையை 2012இல் சுவிஸ் கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. எங்கள் வீரரின் சம்பள பாக்கி ஏறிக்கொண்டிருந்த 2024 அக்டோபரில் ஐரோப்பிய நீதிமன்றம் லசானா தியாரா வழக்கில் இந்த விதிகளின் சில பகுதிகள் ஐரோப்பியச் சட்டத்துக்கு முரணானவை என்று கூறியது. அதன் பின் ஃபிஃபா தன் விதிகளை இடைக்காலமாகத் திருத்தி, ஒப்பந்தத்தை முறிக்கும்படி புதிய கழகம் வீரரைத் தூண்டியதாக முன்கூட்டியே கருதும் நிலையை மாற்றியது. கேரளக் கழகத்தின் தயக்கத்தைப் போக்க இந்தச் செய்தி உதவியது. எதிர்த்தரப்புக்கு அனுப்பிய கடிதத்தில் அதைப் பயன்படுத்தவில்லை.

வீரர் நவம்பரிலேயே முறைப்படி நோட்டீஸ் தந்து, கெடு முடிந்து முறித்திருந்தால் கணக்கு இப்படி இருந்திருக்கும்: பாக்கி 1,35,000 ரூபாய், மீதி ஒப்பந்தக் காலமான 19 மாதத்துக்கு 8,55,000 ரூபாய், அதில் புதிய கழகம் தரும் சம்பளம் கழியும், ஃபிஃபாவின் அளவுகோலை உள்நாட்டுக் குழுவும் ஏற்றால், சம்பள பாக்கியால் முறிந்த ஒப்பந்தம் என்பதால் மேலும் மூன்று மாதச் சம்பளம். அந்த முன்கள வீரர் நின்ற இடம் அது.

முடிவு

கெடு கடந்ததும் ஒப்பந்தத்தை முறிக்கும் கடிதத்தை அனுப்பி, தகுதிநிலைக் குழுவுக்கும் மனு கொடுத்தோம். அதன் பிறகுதான் கழகத்தின் தரப்பில் பேச ஆள் வந்தார். ஜனவரி 31 நெருங்குவது அவர்களுக்கும் தெரியும். குழுவின் விசாரணை அந்தத் தேதிக்குள் முடியாது. மாற்றக் காலம் மூடினால் வீரர் ஜூன் வரை எங்கும் ஆட முடியாது. கழகங்கள் சமரசத்தை இழுத்தடிப்பது இந்த நாட்காட்டியை நம்பித்தான். 2025 ஆகஸ்டில் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) போட்டியின் எதிர்காலமே நிச்சயமற்றுப் போய், பெங்களூரு எஃப்.சி. முதல் அணியின் சம்பளத்தை நிறுத்திவைப்பதாக அறிவித்தபோது, பெயர் பெற்ற வீரர்களே இதே போன்ற நிலையில் மாட்டினார்கள்.

மூன்று மாத பாக்கி முழுவதையும் இரண்டு தவணையில் தருவது, தடையில்லாச் சான்றை உடனே தருவது, மற்ற கோரிக்கைகளை இரு தரப்பும் கைவிடுவது என்று எழுதி முடித்தோம். மீதி ஒப்பந்தக் காலத்துக்கான தொகை போயிற்று. குழுவின் முன் நின்று வாதாடியிருந்தால் அதில் ஒரு பகுதியேனும் கிடைத்திருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அரைப் பருவம் ஆடாமல் உட்கார்ந்திருப்பது 23 வயது வீரருக்கு எவ்வளவு பெரிய இழப்பு என்பதை அவர்தான் எடைபோட வேண்டும். அவர் ஆடுவதைத் தேர்ந்தார். சான்று மாற்றக் காலம் மூடுவதற்கு முன் பதிவில் ஏறியது. புதிய கழகத்தில் சம்பளம் 30,000 ரூபாய்தான், ஒப்பந்தம் மே மாதம் வரை.

அந்தப் புதிய ஒப்பந்தத்தைக் கையெழுத்துக்கு முன் வரி வரியாகத் தமிழில் அவரோடு படித்தேன். அறிவிப்புக்கான முகவரியாக வீட்டு விலாசமும் அவருடைய சொந்த மின்னஞ்சலும் குறிக்கப்பட்டன. விலகினால் இழப்பீடு என்ற பிரிவு கழகத்துக்கும் பொருந்தும்படி திருத்தப்பட்டது. ஊர்ப் போட்டிகளுக்கு அனுமதி கேட்டு எழுதினால் 7 நாளுக்குள் பதில் தர வேண்டும் என்ற ஒரு வரியை அவரே கேட்டுச் சேர்த்துக்கொண்டார். பழைய கழகத்தின் இரண்டாவது தவணை, நினைவூட்டல் கடிதங்களுக்குப் பிறகு, தாமதமாக வந்து சேர்ந்தது. முகவர் முன்பணத்திலிருந்து எடுத்துக்கொண்ட தொகை மட்டும் இன்னும் திரும்பவில்லை. உரிமம் இல்லாதவர் என்பதால் கால்பந்து அமைப்புகளின் ஒழுங்கு நடவடிக்கையை நம்பிப் பயனில்லை என்று கருதி, அதற்காகக் கடலூர் நீதிமன்றத்தில் தனியே வழக்குத் தொடுத்திருக்கிறோம்.